மேன்ஹோலில் தண்ணீர் நிற்கிறதா? டேங்கைத் தோண்டுவதற்கு முன் ரோட்டைப் பாருங்கள்

கேட்கப்பட்டது இது: “கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரப் பக்கம் அப்பா நடத்திய பெட்ரோல் பங்க்கை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய பங்க். மழை பெய்தாலே தரைக்கடி டேங்கின் தலைக்கு மேல் இருக்கும் மேன்ஹோல் தொட்டி நிறைந்துவிடுகிறது. போன ஐப்பசியில் பெட்ரோல் டேங்கில் வாட்டர் அலாரம் வந்து இரண்டு நாள் விற்பனையை நிறுத்தினோம். மெக்கானிக் தாரும் சிலிக்கானும் வைத்து அடைத்தார். அடுத்த மழைக்குத் திரும்ப வந்துவிட்டது. டேங்க் ஓட்டையா? மாற்ற வேண்டுமா? 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததால்தான் இந்தத் தொல்லையா?”

தம்பி, சேலம், ஓமலூர், ஆத்தூர் சுற்றுவட்டாரத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பங்க் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். டேங்க் ஓட்டை என்று சந்தேகப்பட்டு என்னைக் கூப்பிட்ட இடங்களில் பெரும்பாலும் டேங்க் நன்றாகவே இருந்தது. தண்ணீர் மேலேயிருந்துதான் இறங்கியிருக்கும். உங்களுடையதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நினைத்தால் போதாது, பார்த்துவிடலாம். அதற்கு ஒரு சின்னக் கணக்கு.

டேங்கில் பெட்ரோல் 2 மீட்டர் உயரம் நிற்கிறது என்று வையுங்கள். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்கு சுமார். அப்போது டேங்கின் அடியில் இருக்கும் அழுத்தம் ஒன்றரை மீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அடியில் ஓட்டை இருந்தால், வெளியே டேங்க் புதைத்த குழியில் தண்ணீர் அந்த ஒன்றரை மீட்டரைத் தாண்டி நின்றால்தான் உள்ளே வரும். அதற்குக் குறைவாக இருக்கும் நாளெல்லாம் பெட்ரோல் வெளியே போகும். அதாவது அடி ஓட்டை என்றால் கோடையில் ஸ்டாக் குறைய வேண்டும். டேங்கில் கோல் விட்டு அளந்ததை எழுதும் உங்கள் டிப் புத்தகத்தை எடுத்து மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் கணக்குப் பாருங்கள். ஸ்டாக் சரியாக நின்று, மழை பெய்த அன்றும் மறுநாளும் மட்டும் தண்ணீர் ஏறியிருந்தால், டேங்கைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்டாக்கும் குறைகிறது, மழை நின்று நாலைந்து நாள் கழித்தும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால் அது வேறு கதை. அன்றே எண்ணெய்க் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இனி மேலேயிருந்து எப்படி வருகிறது என்பதற்கு வருகிறேன். இதற்கு மேன்ஹோலைத் திறக்க வேண்டாம், ரோட்டில் போய் நின்று பங்க்கைப் பாருங்கள். அப்பா பங்க் போட்டபோது ரோடு எந்த உயரத்தில் இருந்தது என்று அவரிடமே கேளுங்கள். நம் ஊரில் ரோடு போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, ரோட்டோர வீடெல்லாம் பள்ளமாகிவிட்டது. பங்க்குக்கும் அதே கதிதான். அன்றைக்கு ரோட்டைவிட அரை அடி மேலே இருந்த தளம் இன்றைக்கு ரோட்டுக்குக் கீழே. போதாததற்கு நீங்கள் இருப்பது மலையடிவாரச் சரிவு. சேர்வராயன் மலையில் அடித்த மழை திருமணிமுத்தாற்றுக்கும் ஏரிகளுக்கும் போகிற வழியில் உங்கள் தளத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும்.

பங்க் தளம் 600 சதுர மீட்டர், மழை 5 சென்டிமீட்டர் என்றால் அதன் மேல் விழுவது மட்டும் 30,000 லிட்டர். 20 கிலோலிட்டர் டேங்கர் லாரி ஒன்றரை. பக்கத்து நிலத்திலிருந்தும் ரோட்டிலிருந்தும் வருவது தனி. இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபில் கேப், அதாவது லோடு இறக்கும் குழாயின் மூடி, வழியே இறங்கினாலே 30 லிட்டர் உள்ளே போய்விடும். இவ்வளவு தண்ணீரை மேன்ஹோல் மேல் நிற்கவிட்டுவிட்டு, கால் அங்குல வாஷரை நம்பித் தூங்குவது சரிப்படாது.

அதனால் முதல் செலவு கொத்தனாருக்கு. டியூப் லெவல் வைத்துத் தளத்தின் மட்டத்தை எடுக்கச் சொல்லுங்கள். மலைப் பக்கம், அதாவது மேட்டுப் பக்கம், தளத்தின் குறுக்கே கம்பி மூடி போட்ட ஒரு வாய்க்கால் வேண்டும். வருகிற தண்ணீர் தளத்தில் ஏறுவதற்கு முன்பே அதில் விழுந்து ஓரமாகப் போய்விட வேண்டும். ரோடு உயர்ந்துவிட்டதென்றால் நுழைவாயிலிலும் ஒன்று. பிறகு மேன்ஹோல் சட்டத்தைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உடைத்து, சட்டத்தை இரண்டு அங்குலம் தூக்கி, நாலு பக்கமும் சரிவு வைத்துப் பூசச் சொல்லுங்கள். லாரிச் சக்கரம் ஏறி இறங்க ஒன்றும் சிரமம் இருக்காது. பழைய பங்க்குகளில் நான் பார்த்தவரை மேன்ஹோல் இருக்கும் இடம்தான் தளத்திலேயே பள்ளமாக இருக்கும். சுற்றிலும் நிரப்பிய மணல் வருஷக்கணக்கில் அமுங்கி, சட்டமும் கூடவே இறங்கியிருக்கும்.

தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகுதான் அடைக்கிற வேலை. இங்கேதான் உங்கள் மெக்கானிக் தவறு செய்தார். தார் பெட்ரோலில் கரையும். சிலிக்கான் பெட்ரோல் ஆவி பட்டால் ஊதிப்போய் உரிந்து வரும். சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போடுவதையும் பார்த்திருக்கிறேன், அது இரண்டே மாதத்தில் கொழகொழவென்று ஆகிவிடும். நைட்ரைல் ரப்பர் தாங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வைட்டான் என்கிற ரகம் இன்னும் நல்லது. விலை கூடத்தான், ஆனால் கேஸ்கெட் விலையையும் இரண்டு நாள் விற்பனையையும் தராசில் வைத்துப் பார்த்தால் பேச்சே இல்லை.

எங்கெங்கே பார்க்க வேண்டும்? மேன்ஹோல் தொட்டியில் தண்ணீர் நிற்பதும் டேங்கில் தண்ணீர் இறங்குவதும் ஒன்றல்ல. நடுவே டேங்கின் தலையில் இருக்கும் துளைகள் எல்லாம் கதவு மாதிரி. ஃபில் பைப் கேப், டிப் பைப் கேப், டேங்கின் அளவைத் தானாகக் காட்டும் ஆட்டோமேஷன் ப்ரோப் இறங்கும் மூடி, போல்ட் போட்ட பெரிய மூடியின் கேஸ்கெட், சப்மெர்சிபிள் பம்ப் இருந்தால் அதன் தலை. இவற்றில் முதல் குற்றவாளி எப்போதும் ஃபில் கேப்தான். லோடு இறக்கி முடித்ததும் அவசரத்தில் கேப்பைக் கோணலாக வைத்துவிட்டுப் போவார்கள். டீசல் கேப்பைப் பெட்ரோலுக்கும் பெட்ரோல் கேப்பை டீசலுக்கும் மாற்றிப் போடுவதும் உண்டு. ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு பங்க்கில் மூன்று முறை டேங்கைச் சுத்தம் செய்தும் தண்ணீர் வருவது நிற்கவில்லை. போய்ப் பார்த்தால் கேப் புதுசு, பளபளவென்று இருக்கிறது, உள்ளே வாஷரே இல்லை. கழன்று விழுந்து எத்தனை நாளாயிற்றோ. யாரும் கேப்பைத் திருப்பிப் பார்க்கவில்லை. கேப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: வாஷர் படும் விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து மூடித் திறந்தால், வாஷரில் முழு வட்டமாக வெள்ளைக் கோடு விழ வேண்டும். எங்கே கோடு விட்டுப்போயிருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் போகிறது.

உங்கள் பங்க் பழசு என்பதால் மேன்ஹோல் தொட்டி செங்கல் கட்டாகத்தான் இருக்கும். செங்கல் சுவர் தண்ணீரைத் தடுக்காது, வடிகட்டும், அவ்வளவுதான். மேலே மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பக்கவாட்டில் ஊறி வந்துவிடும். வசதிப்பட்டால் ஃபைபர் தொட்டி வைக்கச் சொல்லிக் கம்பெனியிடம் கேளுங்கள். ஃபைபரிலும் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் பூட் ஒன்று இருக்கும். அது வெடித்தால் பழைய கதைதான். அது சரியாக இருக்கிறதா என்று அறிய அமெரிக்காவில் ஒரு சோதனை முறை வைத்திருக்கிறார்கள். தொட்டியில் நல்ல தண்ணீரை மிக மேலே இருக்கும் துளைக்கும் 10 சென்டிமீட்டர் மேலே வரை நிரப்பி, கோடு போட்டு, ஒரு மணி நேரம் விட வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் தொட்டி ஒழுகுகிறது. உள்ளே ஊற்றிய தண்ணீர் வெளியே போகாத தொட்டிக்குள் வெளித் தண்ணீரும் வராது. கரண்டை முழுக்கத் துண்டித்து, டேங்கின் மூடிகளெல்லாம் இறுக்கம் என்று உறுதி செய்த பிறகு, தெரிந்த ஆளை வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் மாதிரி சரிவில் இருக்கும் பங்க்குக்கே உரிய சங்கதி ஒன்று. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் மெக்கானிக் இதைப் பார்த்திருக்க மாட்டார். கரண்ட் கேபிள் போகும் கண்டியூட் குழாய்.

ஜெனரேட்டர் ரூமோ பேனல் ரூமோ மேட்டுப் பக்கம் இருக்கும். அங்கிருந்து கேபிள் தரைக்கடியில் குழாய் வழியாக மெஷினுக்கும் மேன்ஹோலுக்கும் வருகிறது. மேலே கேபிள் ட்ரெஞ்சில் மழைத் தண்ணீர் நின்றால் அந்தக் குழாய்தான் அதற்கு வாய்க்கால். மேன்ஹோல் மூடியின் மேல் ஒரு சொட்டு இருக்காது, தளம் காய்ந்து கிடக்கும், உள்ளே மட்டும் முழங்கால் அளவு தண்ணீர். அடிவாரத்திலேயே ஒரு பங்க்கில் எனக்கு இப்படி ஆயிற்று. கேஸ்கெட் எல்லாம் மாற்றினேன், சட்டத்தைத் தூக்கினேன், கூலியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மழைக்கு ஓனர் போன் போட்டுத் திட்டினார். வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் கோலப்பொடிக்குப் போடும் சிவப்புச் சாயத்தைப் பேனல் ரூம் ட்ரெஞ்சில் கரைத்துவிட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தோம். டீ குடித்து முடிப்பதற்குள் மேன்ஹோலில் கேபிள் நுழையும் வாயிலிருந்து சிவப்பாக ஒழுகியது. நாற்பதடி தள்ளி இருந்த தண்ணீர்!

இதற்கு மேன்ஹோல் முனையில் மட்டும் அடைத்தால் போதாது. குழாய்க்குள் தண்ணீர் தேங்கிக் கேபிள் ஊறும். மேல் முனையிலேயே தடுக்க வேண்டும், ட்ரெஞ்சுக்கு வடிகால் வைக்க வேண்டும், பிறகு இரண்டு முனையிலும் அடைக்க வேண்டும். மேன்ஹோல் முனையில் போடுவது சாதாரண மாவு அல்ல. அங்கே பெட்ரோல் ஆவி இருக்கிறது, அது குழாய் வழியே பேனல் ரூமுக்குப் போகாமல் தடுப்பதும் அதே அடைப்பின் வேலை. அதற்கென்று சான்று பெற்ற சீலிங் ஃபிட்டிங்கும், கேபிளைச் சுற்றி இறுக்கும் கிளாண்டும்தான் போட வேண்டும். தண்ணீர் உங்களுக்குக் காட்டிக்கொடுத்த பாதை ஆவிக்கும் பாதை என்பதை மறக்காதீர்கள். எனக்கு வாட்டர் அலாரத்தைவிட இதுதான் பயம்.

உங்கள் பக்கத்து மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும். பாறையைக் குடைந்து குழி எடுத்து டேங்கை வைத்து மணல் நிரப்பியிருந்தால், அந்தக் குழி ஒரு பெரிய அண்டா. உள்ளே போன மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லை. ஊர்க் கிணறெல்லாம் வற்றியிருக்கும்போதும் உங்கள் டேங்க் தண்ணீரில் உட்கார்ந்திருக்கலாம். மணலில் ஒரு துளைக்குழாயை இறக்கி வைத்தால் உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பார்க்கலாம். இது எதற்கென்றால், டேங்க் மிதக்கும். 20 கிலோலிட்டர் டேங்க் முழுகினால் 20 டன்னுக்கு மேல் மேலே தள்ளும். அதில் பெட்ரோலை நிரப்பினாலும் பெட்ரோல் எடை 15 டன்தான். மிச்சத்தைப் பிடித்து வைத்திருப்பது இரும்பின் எடையும், மேலே இருக்கும் மண்ணும் கான்கிரீட்டும், கீழே கட்டிய பட்டையும். கனமழை எச்சரிக்கை வந்தால் டேங்கைக் காலியாக விடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். டேங்க் ஒரு அங்குலம் எழும்பினாலும் குழாய் இணைப்பெல்லாம் விட்டுவிடும், பிறகு எந்த கேஸ்கெட்டும் உதவாது.

இ20 பற்றிக் கேட்டீர்கள். எத்தனால் தண்ணீரைக் கொண்டுவரவில்லை. ஆனால் முன்பு மன்னிக்கப்பட்ட தண்ணீர் இப்போது மன்னிக்கப்படுவதில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலில் தண்ணீர் நேராக அடியில் போய் உட்காரும். உறிஞ்சும் குழாயின் வாய் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். கைப்பம்பு வைத்து இறைத்துவிட்டால் முடிந்தது. எத்தனால் கலந்த பிறகு தண்ணீர் முதலில் அதிலே கரைகிறது. தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்டை டிப் ராடில் தடவி விட்டாலும் நிறம் மாறாது, எல்லாம் சுத்தம் என்று தோன்றும். ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு மொத்தமாகக் கீழே இறங்கும். 10 சதவீத எத்தனால் என்றால் அந்த அளவு ஏறக்குறைய அரை சதவீதம், அதாவது 10,000 லிட்டருக்கு 50 லிட்டர் தண்ணீர். 20 சதவீதத்தில் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் பிரிந்தால் சேதம் பெரிது, ஏனென்றால் அந்த 10,000 லிட்டருக்குள் எத்தனாலே 2,000 லிட்டர் இருக்கிறது. அடியில் சேரும் படலம் உறிஞ்சு குழாயின் வாயைத் தாண்டி ஏறிவிடும். வண்டிக்காரர் பாட்டிலில் பிடித்துக் காட்டி, பெட்ரோலில் தண்ணீர் கலந்து விற்கிறார்கள் என்று சண்டை போடுவாரே, பல நேரம் அது இதுதான். மேலே மிஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்து நிற்கும். கலக்கிவிட்டால் சேர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விற்பனையை நிறுத்திக் கம்பெனிக்குச் சொல்வது ஒன்றுதான் வழி.

குளிர்ந்தால் அது தாங்கும் தண்ணீரும் குறையும். சங்ககிரி வெயிலில் ஏற்றிய லோடு 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டு டேங்கில் மார்கழி இரவில் குளிரும்போது, கீழே கரைந்திருந்தது அங்கே பிரியலாம். அடிவாரத்தில் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு. டேங்கில் காற்று குளிர்ந்து நீர் கோர்ப்பதால்தான் தண்ணீர் என்று சிலர் சொல்வார்கள். தரைக்கடியில் வெப்பம் பெரிதாக ஏறி இறங்காது, அதில் சேர்வது சொற்பம். லிட்டர் கணக்கில் வந்தால் அது மழைத் தண்ணீர்தான்.

பேஸ்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய வாட்டர் பேஸ்ட் எத்தனால் கலந்த அடிப்படலத்தைச் சரியாகக் காட்டாது, எத்தனாலுக்கென்று வரும் பேஸ்டைக் கேட்டு வாங்குங்கள். ப்ரோபில் தண்ணீரைக் காட்டும் மிதவையும் அப்படியே. அந்தப் படலம் தனித் தண்ணீரைவிட லேசு என்பதால் பழைய மிதவை எழும்பாமலேயே இருந்துவிடும். உங்களுக்கு அலாரம் அடித்ததே அதிர்ஷ்டம். டேங்க் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தண்ணீர் சாய்ந்த பக்கம் போய் நிற்கும், ப்ரோப் மறுபக்கம் இருந்தால் ஒன்றும் சொல்லாது. காலையில் மெஷினைத் திறப்பதற்கு முன் டிப் எடுங்கள். லோடு இறக்குவதற்கு முன்பும், இறக்கி அடங்கிய பிறகும் எடுங்கள். கொட்டுகிற மழையில் ஃபில் பாயிண்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போது லோடு இறக்கவே வேண்டாம். டிரைவர் அவசரப்படுத்துவார், ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

டீசல் டேங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதே மேன்ஹோல் வரிசையில்தானே இருக்கிறது. அதில் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும், பிரிகிற இடத்தில் கிருமி வளர்ந்து வழவழவென்று ஃபில்டரை அடைக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 42 டீசல் டேங்குகளைத் திறந்து பார்த்து 2016-இல் சொன்னது: 83 சதவீத டேங்குகளில் உள்ளே துரு மிதமாகவோ கடுமையாகவோ இருந்தது. ஓனர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே இல்லை.

வென்ட் குழாயையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். உச்சியில் மழை மூடியும் கம்பி வலையும் இருக்க வேண்டும். குளவிக்கூடு கட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் போகாமல் இருக்க வென்ட் வாயில் பாலித்தீன் பையைக் கட்டிய புத்திசாலி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். டேங்க் மூச்சுவிட வேண்டிய வழி அது, அதை அடைக்கவே கூடாது.

தேங்கிய தண்ணீரை எடுக்கும் முறை. மேன்ஹோலுக்குள் பையனை இறக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் நிற்கும். வீட்டு சம்ப் மோட்டாரைப் போட்டு இறைக்கவும் கூடாது, ஒரு பொறி போதும். கைப்பம்பு, இல்லையென்றால் காற்றில் ஓடும் டயாஃப்ரம் பம்பு. மேலே எண்ணெய்ப் படலம் மினுமினுத்தால் அதைச் சாக்கடையில் விடாமல் பீப்பாயில் பிடித்து, உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். உங்கள் வாய்க்கால் கடைசியில் திருமணிமுத்தாற்றில்தான் போய்ச் சேருகிறது.

செலவு யாருடையது என்பதற்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான பங்க்குகளில் டேங்கும் மெஷினும் கம்பெனியுடையவை. அவற்றைத் தொடும் வேலைக்குக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். டேங்க், குழாய் அமைப்பில் மாற்றம் என்றால் வெடிபொருள் துறையின் ஒப்புதலும் வேண்டும். வாய்க்காலும் தள மட்டமும் உங்கள் கையில் இருக்கும் வேலைதான், ஆனாலும் தளத்தை உடைப்பதற்கு முன் சேல்ஸ் ஆபீசரிடம் சொல்லிவிடுங்கள். விற்பனை நடக்கும் நேரத்தில் டேங்குக்குப் பக்கத்தில் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் ஓட்டக்கூடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது சாயச் சோதனை. செலவு இருபது ரூபாய். பேனல் ரூம் எந்தப் பக்கம், மேன்ஹோலைவிட எவ்வளவு மேலே என்று அளந்து எழுதுங்கள், சாயம் எத்தனை நிமிஷத்தில் வந்தது என்பதையும் சேர்த்து. வராவிட்டால் அதையும் எழுதுங்கள், அடுத்து செங்கல் சுவரைப் பார்ப்போம்.